மேகத்துக்குள் ஏற்றிவிட்டு 'காட்டியாச்சு' என்கிறார்கள்

காலை ஆறரை மணி. சுவிட்சர்லாந்தின் இண்டர்லாகன் என்ற மலை ஊரில், எங்கள் டூர் குழு தங்கியிருந்த ஹோட்டலின் சாப்பாட்டு அறை. சுவரில் இருந்த டிவியில் மலை உச்சிகளில் வைத்திருக்கும் கேமராக்களின் நேரடிக் காட்சி ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தது. யுங்ஃப்ராவ்யோக் முறை வந்தபோது திரை முழுக்க வெள்ளை. ரிசப்ஷனில் இருந்த பெண் அவராகவே வந்து, "இன்று மேலே போகாதீர்கள், நாளை தெளிந்துவிடும். இன்று பள்ளத்தாக்கில் அருவிகளைப் பாருங்கள்" என்றார். அந்த ஊரில் வாழ்கிறவர் சொல்கிறார். டூர் மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "புரோகிராம்ல இன்னைக்குத்தான் சார் இருக்கு. டிக்கெட் எல்லாம் ரெண்டு மாசம் முன்னாடியே எடுத்தாச்சு" என்றார். முடிந்தது பேச்சு. 38 பேரையும் மேகத்துக்குள் ஏற்றினார்கள்.

ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் வயிறு எரிகிறது.

யுங்ஃப்ராவ்யோக் என்பது யுங்ஃப்ராவ் மலையை ஒட்டி 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம். ஐரோப்பாவில் அதைவிட உயரத்தில் வேறு ரயில் நிலையம் கிடையாது. 1896-இல் வேலையைத் தொடங்கி, ஐகர், மோங்க் என்ற இரண்டு மலைகளின் வயிற்றைக் குடைந்து, 1912-இல் திறந்தார்கள். பதினாறு வருட உழைப்பு. மேலே நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே போட்ட பாதை அது. கோடையில் இண்டர்லாகனிலிருந்து போய்வர முழு டிக்கெட் 200 ஃபிராங்குக்கு மேல். நம் பணத்தில் 20,000 ரூபாயைத் தாண்டும். பார்வை இல்லாத நாளில் இத்தனை பணத்தைக் கொட்டி எதற்கு ஏற வேண்டும்?

வழியில் ஐஸ்மேர் என்ற நிலையத்தில் ரயில் ஐந்து நிமிடம் நிற்கும். பாறையில் வெட்டிய ஜன்னல் வழியே பனியாற்றைப் பார்க்கலாம். ஜன்னலுக்கு வெளியே பாலைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. உச்சியில் லிஃப்ட் ஏறிப் பார்வை மேடைக்குப் போனோம். அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அம்மாவுக்கு 66 வயது. பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்கேடா அந்தப் பனியாறு?" என்று கேட்டார். அலெட்ச் பனியாறு ஆல்ப்ஸ் மலைகளிலேயே நீளமானது. எங்கள் காலடியில்தான் கிடந்தது. வெள்ளைக்குள் கையை நீட்டி, "அந்தப் பக்கம்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போலாம்" என்றார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் என்ன ஆயிற்று தெரியுமா? அந்தப் பெண் சொன்னபடியே வானம் துடைத்துவிட்டது. இண்டர்லாகன் ஊர் நடுவே ஹோஹெமாட்டே என்று பெரிய புல்வெளி ஒன்று இருக்கிறது. 1864-இல் ஹோட்டல்காரர்களும் ஊர்க்காரர்களுமாக 37 பேர் சேர்ந்து அந்த நிலத்தை வாங்கி, இதில் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று முடிவு செய்தார்கள். வந்து தங்குகிறவர்களுக்கு யுங்ஃப்ராவ் மலை மறைந்துவிடக் கூடாது என்ற அக்கறை. அன்று அந்தப் புல்வெளிக்கு மேலே மலை அப்படியே எழுந்து நின்றது. வெயிலில் பனி கண்ணைக் கூச வைத்தது. நாங்கள் எங்கே இருந்தோம்? ஏழு மணிக்கே கிளப்பிவிட்ட பஸ்ஸில். அம்மா கழுத்தைத் திருப்பி, பின் கண்ணாடி வழியே தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த பஸ் போனது ரைன் அருவிக்கு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக, அதே அளவு வர. அங்கே கொடுத்தது 40 நிமிடம், அதில் கழிப்பறை வரிசையும் சேர்த்தி. ரைன் அருவியை நான் குறை சொல்லவில்லை. 150 மீட்டர் அகலத்துக்கு ஆறே விழுகிறது, அருமையான இடம். ஆனால் அதன் உயரம் 23 மீட்டர். மேகம் இருந்தால் என்ன, தூறல் விழுந்தால் என்ன, அது அப்படியே தெரியும். முதல் நாள் அங்கே போய்விட்டு மறுநாள் மலையேறியிருக்கலாம். இரண்டு நாளை மாற்றிப் போட வேண்டும், அவ்வளவே. குழு டிக்கெட்டுக்குத் தேதியும் ரயில் நேரமும் முன்பே குறிக்க வேண்டியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தனியாக வந்தவர்கள் காலையில் கேமராவைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தச் சுதந்திரத்தை எங்களிடமிருந்து பிடுங்குகிறோம் என்று பணம் வாங்கும்போது ஒருவராவது சொன்னார்களா?

இதில் என்னை மிகவும் வாட்டுவது லௌட்டர்புருன்னன். இண்டர்லாகனிலிருந்து ரயிலில் 20 நிமிடம். இரு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், அதிலிருந்து இறங்கும் அருவிகள். ஷ்டௌப்பாக் அருவி மட்டுமே ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். கீழே வருவதற்குள் பாதி நீர் காற்றில் தூளாகப் பறந்துவிடும். பக்கத்தில் ட்ரூம்மல்பாக், மலைக்கு உள்ளேயே பாறையைக் குடைந்துகொண்டு இறங்கும் பத்து அருவிகள். ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூன்றின் பனி உருகிய நீரும் அதன் வழியாகத்தான் வருகிறது. மழை நாளுக்கென்றே செய்த இடம். நாங்கள் மேலே போகும் வழியில் ரயில் மாறியதே லௌட்டர்புருன்னன் நிலையத்தில்தான். நடைமேடையிலிருந்தே அருவி தெரிந்தது. அம்மா நின்று கையைக் காட்டினார். "ஆன்ட்டி, வாங்க வாங்க, டிரெய்ன் போயிடும்" என்று விரட்டினார்கள். அந்தப் பள்ளத்தாக்குக்குக் கிடைத்தது ஆறு நிமிடம்.

சாயங்காலமாவது நம்முடையதா? அதுவும் இல்லை. ஏழு மணிக்கு நம் ஊர்ச் சாப்பாடு, தவறினால் கிடையாது. ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே ஹார்டர் குல்ம் என்ற குன்றுக்கு, சரிவில் ஏறும் ரயில் 1908-லிருந்து ஓடுகிறது. பத்து நிமிடத்தில் 1,300 மீட்டருக்கு மேலே. ஊருக்கு இரு பக்கமும் இருக்கும் ஏரிகளையும் அந்த மூன்று சிகரங்களையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். நாங்கள் சப்பாத்திக்கு வரிசையில் நின்றோம். ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு அந்த ஊரில் விருந்தினர் அட்டை ஒன்று தருகிறார்கள், அதைக் காட்டினால் உள்ளூர் பஸ்ஸில் இலவசம். அப்படி ஒன்று இருப்பதே கிளம்புகிற அன்று ரிசப்ஷன் பெண் கேட்டபோதுதான் தெரிந்தது. எங்கள் அட்டைகள் மொத்தமும் டூர் மேனேஜர் பையில் கட்டோடு இருந்தன.

மலை ஊரில் மூன்று இரவு ஒரே ஹோட்டலில் தங்க வைப்பதே, எந்த நாள் தெளிகிறதோ அந்த நாளில் ஏறத்தான். டூர் கம்பெனிக்காரர்களே, மூன்று நாளில் ஒரு நாளைப் புரோகிராமில் எழுதாமல் விடுங்கள். உச்சிக்கு எந்த நாள் என்பதை முந்தின இரவு வானிலை பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்கு டிக்கெட் விலை கூடுமென்றால் முன்பே சொல்லுங்கள், கொடுக்கிறோம். இல்லையென்றால் ரைன் அருவியை வெட்டுங்கள்.

திரும்பி வந்ததும் டூர் கம்பெனிக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கஸ்டமர்ஸ் நிறைய இடம் பார்க்கணும்னுதான் சார் கேக்கறாங்க" என்றார். எந்தக் கஸ்டமர் கேட்டார்? எங்கள் பஸ்ஸில் 38 பேர் இருந்தோம். ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.