ஜுகாட் என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள்

பட்டறைக்காரரோ விவசாயியோ புதிதாக ஒன்றைச் செய்துவிட்டால் ‘ஜுகாட்’ என்று படத்தைப் பகிர்ந்து கைதட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அந்த இந்திச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவதற்கான பெயர் அது. வருடக்கணக்கில் செய்து, தோற்று, மாற்றி, மறுபடி செய்தவருக்கு அதைச் சூட்டலாமா?

குஜராத்தின் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி மண்பாண்டத் தொழிலாளி. 2001 பூகம்பத்தில் உடைந்த பானைகளின் படத்தைப் போட்டு, ஏழைகளின் ஃப்ரிட்ஜ் உடைந்தது என்று எழுதியது ஒரு நாளிதழ். அதைப் பார்த்தவர் மண்ணிலேயே ஃப்ரிட்ஜ் செய்தார், அதுதான் ‘மிட்டிகூல்’. மேலே ஊற்றும் தண்ணீர் பக்கச் சுவர்களில் கசிந்து ஆவியாக, உள்ளே காய்கறியும் பாலும் குளிர்ந்திருக்கும். மின்சாரமே வேண்டாம். நம் வீட்டுப் பானையின் சூத்திரம்தான். ஆனால் மண் இறுகினால் நீர் கசியாது, இளகினால் ஒழுகிவிடும். அந்தப் பக்குவத்தைப் பிடிப்பதற்குப் பெயர் ஆராய்ச்சி.

அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர் அனில் குப்தா 1980களின் இறுதியில், எளிய மக்களின் கண்டுபிடிப்புகளைத் தேடித் தொகுக்கும் ‘ஹனி பீ’ அமைப்பைத் தொடங்கியபோது வைத்த நியாயமும் இதுவே: கண்டுபிடித்தவர் பெயரைச் சொல்லுங்கள், அறிந்ததை அவர் மொழியிலேயே திருப்பிக் கொடுங்கள். பெயரோடு பணமும் போய்ச் சேர வேண்டும் என்கிறேன் நான்.

எங்கள் ஊர் லேத் பட்டறை அண்ணன் ஒருவர் விதைக்கடலை உடைக்கும் இயந்திரம் செய்திருக்கிறார். வழக்கமான இயந்திரத்தில் பருப்பு பிளந்து சிவப்புத் தோல் உரிந்துவிடும், விதைக்கு ஆகாது. அதனால் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து கையால் உடைப்பார்கள், விரல் நுனி புண்ணாகிவிடும். இவர் இரும்புக் கம்பிக்குப் பதில் பழைய டயர் ரப்பரைப் பொருத்தி, சல்லடை இடைவெளியை மூன்று வருடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். போன கார்த்திகையில் என் உள்ளங்கையில் ஒரு பிடி அள்ளிப் போட்டார். ஒன்றில்கூடத் தோல் போகவில்லை.

கடன் கேட்டுப் போன இடத்தில் மூன்று வருட வரவு செலவுக் கணக்கும் அடமானமும் கேட்டார்கள். தோற்றுத் தோற்றுப் பார்த்த வருடங்களில் வரவு எங்கிருந்து வரும்? முதல் பத்து இயந்திரங்களைச் செய்து விற்றுப் பார்க்க, பிணையில்லாமல் ஒரு சிறு தொகை கொடுங்கள். விற்றால் கட்டட்டும், விற்காவிட்டால் ஆராய்ச்சிச் செலவில் எழுதுங்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கு அப்படித்தானே கொடுக்கிறோம்?

மூன்று ஊர்க்காரர்கள் இயந்திரம் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவதற்கு மோட்டார் வாங்க, அண்ணி வளையலைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.