கோடிகளைக் கொட்டுகிறீர்களே, அந்தப் பிள்ளைக்கு என்ன ஒதுக்கினீர்கள்?

"அன்று எப்படி இருந்தார், இன்று எப்படி ஆகிவிட்டார் பாருங்கள்" என்று சினிமாவில் நடித்த ஒரு குழந்தையின் இரண்டு புகைப்படங்களை ஒட்டிப் போடுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இடப்பக்கம் கன்னம் குழியச் சிரிக்கும் எட்டு வயதுப் பிள்ளை. வலப்பக்கம் முடி கொட்டி, உடல் பெருத்து, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த ஒரு மனிதர். அடியில் வரிசையாகக் கருத்துகள்: அடையாளமே தெரியவில்லை, கிடைத்த வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டார், புகழ் தலைக்கேறிவிட்டது. அடுத்த செய்தியில் ஏதோ ஒரு படம் இதுவரை வந்த எல்லாப் படங்களின் பட்ஜெட்டையும் மிஞ்சிவிட்டது என்ற பெருமை. அதற்குப் பாராட்டு மழை. பிள்ளையின் வாழ்க்கை சரிந்ததை வேடிக்கை பார்த்த அதே கண்கள் செலவுக் கணக்கைப் பார்த்து வியக்கின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா?

பாபி டிரிஸ்கால் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? டிஸ்னி நிறுவனம் ஒப்பந்தம் போட்டு எடுத்த முதல் நடிகர்களில் ஒருவர். அமெரிக்கத் திரைப்பட அகாடமி சிறுவர்களுக்கென்று வழங்கிவந்த ஆஸ்கரை 1950இல் வாங்கியவர். 1953இல் வந்த 'பீட்டர் பான்' கார்ட்டூன் படத்தில், வளரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அந்தச் சிறுவனுக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். ஓவியர்கள் பார்த்து வரைவதற்காக நடித்தும் காட்டினார். படம் வெளிவந்த சில வாரங்களில் அவருடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். அப்போது அவருக்குப் பதினாறு வயது. முகம் முழுக்கப் பரு. எந்தப் பிள்ளைக்கும் அந்த வயதில் வருவதுதான் அவருக்கும் வந்தது. சாதாரணப் பள்ளிக்குப் போனார், அங்கே கேலி. பிறகு போதை, பிறகு சிறை. 1968 மார்ச் 30ஆம் தேதி நியூயார்க்கில் ஆளில்லாத ஒரு பாழடைந்த கட்டடத்தில் விளையாடப் போன இரண்டு சிறுவர்கள் அவருடைய உடலைப் பார்த்தார்கள். வயது 31. யார் என்று தெரியாததால், கேட்பாரற்ற சடலங்களோடு ஹார்ட் தீவில் புதைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவருடைய தாய் தேடத் தொடங்கிய பிறகே கைரேகையை ஒப்பிட்டு, இறந்தவர் அவர்தான் என்று கண்டுபிடித்தார்கள். அதே 1969இல் 'பீட்டர் பான்' மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. புதைகுழியில் பெயர் இல்லாமல் கிடந்தவரின் குரலைக் கேட்கக் குழந்தைகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இது அந்தக் காலக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1999க்கு வாருங்கள். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் 'தி பேன்டம் மெனஸ்'. செலவு சுமார் 11 கோடியே 50 லட்சம் டாலர். முதல் வெளியீட்டிலேயே உலகெங்கும் 92 கோடி டாலருக்கு மேல் வசூல். அதில் சிறுவன் அனகினாக நடித்த ஜேக் லாய்டுக்குப் படப்பிடிப்பின்போது எட்டு வயது. வசனம் அவன் எழுதியதில்லை. எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவன் இல்லை. ஆனால் படம் பிடிக்காத பெரியவர்கள் தங்கள் கோபத்தை யார் மீது கொட்டினார்கள்? அந்தப் பிள்ளை மீது. மோசமான நடிப்புக்கென்று பரிகாசமாகக் கொடுக்கப்படும் கோல்டன் ராஸ்பெரி விருதின் பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்தார்கள். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அவனைக் கண்டாலே படத்தில் வரும் ஒளிவாளின் ஓசையை வாயால் எழுப்பிக் கேலி செய்தார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார். 2001இல் நடிப்பை விட்டுவிட்டார். 2012இல் அதே படத்தை முப்பரிமாணத்தில் மறுபடி வெளியிட்டு, மொத்த வசூலை 100 கோடி டாலருக்கு மேல் கொண்டுபோனார்கள்.

அந்த ராஸ்பெரிக்காரர்கள் எப்போது திருந்தினார்கள் தெரியுமா? 2023 ஜனவரியில். அதுவும் பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியின் பெயரைப் பட்டியலில் போட்டு, நாலாபக்கமும் கண்டனம் எழுந்த பிறகு. அதன் பின்புதான் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று விதி வைத்தார்கள். ஒரு குழந்தையை உலகத்தின் முன் நிறுத்தி ஏளனம் செய்வது தவறு என்று தெரிந்துகொள்ள வளர்ந்த மனிதர்களுக்கு இத்தனை வருடங்களா தேவைப்பட்டன?

சரி, பட்ஜெட்டுக்கு வருகிறேன். இன்று ஒரு பெரிய ஹாலிவுட் படத்துக்கு 20 கோடி, 30 கோடி டாலர் என்பது சர்வசாதாரணம். 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 35 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. இவ்வளவு பணத்தைப் போடுகிறவர்கள் எதையும் விதியின் கையில் விட்டுவிடுவதில்லை. முக்கிய நடிகருக்குக் காய்ச்சல் வந்து படப்பிடிப்பு நின்றால் அதற்குக் காப்பீடு. எதிர்பாராச் செலவுகளுக்கென்று பட்ஜெட்டில் பத்து சதவீதம் அளவுக்கு ஒதுக்கீடு. கருவிகள் சேதமானால் காப்பீடு, யாராவது வழக்குப் போட்டால் காப்பீடு. கலிபோர்னியாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தையை ஒரு நாளில் இருபது நிமிடங்களுக்கு மேல் கேமரா முன் வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால்தான் ஒரே பாத்திரத்துக்கு இரட்டைக் குழந்தைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஆறிலிருந்து ஒன்பது வயது வரை நான்கு மணி நேரம்தான் வேலை, மூன்று மணி நேரம் கட்டாயம் படிப்பு. இந்த விதிகளை நான் மனதார வரவேற்கிறேன். யாரோ போராடி வாங்கியவை அவை. ஆனால் இவை அனைத்தும் படப்பிடிப்பின் கடைசி நாளோடு முடிந்துவிடுகின்றன. படத்துக்கு ஆபத்து வரக்கூடிய நாட்களில் மட்டும் பிள்ளைக்குப் பாதுகாப்பு. பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடிய நாட்களோ அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. அந்த நாட்களுக்கென்று எந்த பட்ஜெட்டிலும் ஒரு வரிகூடக் கிடையாது. என் ஆத்திரமெல்லாம் அந்த ஒரு வரி இல்லாததைப் பற்றித்தான்.

"பணம்தான் கொட்டிக் கொடுத்தார்களே" என்பார்கள். கொடுத்த லட்சணத்தைப் பார்ப்போம். 'ஹோம் அலோன்' 1990இல் சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு 47 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. படம் முழுவதையும் தோளில் சுமந்தவன் பத்து வயதுச் சிறுவன். மெக்காலே கல்கினுக்கு அதற்குக் கிடைத்தது சுமார் ஒரு லட்சம் டாலர் என்றுதான் சொல்லப்படுகிறது. இரண்டாம் பாகத்துக்கு 45 லட்சம் டாலர். அதன் பிறகு பெற்றோர் பிரிந்து நீதிமன்றத்தில் மோதிக்கொண்டார்கள். பதினான்கு வயதில் அவர் நடிப்பிலிருந்து ஒதுங்கினார். அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பு, 1939இல் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் பதின்வயது ஜூடி கார்லண்டுக்கு வாரச் சம்பளம் 500 டாலர். கூட நடித்த நாய்க்கு 125 டாலர். எடை கூடக் கூடாது, சோர்ந்து விழக் கூடாது என்று ஸ்டுடியோவில் மாத்திரை கொடுத்துப் பழக்கினார்கள். 1969இல், 47 வயதில், தூக்க மாத்திரை அளவுக்கு மீறிப் போய் இறந்தார்.

லாபத்தில் பங்கு கேட்டால் வேறு நாடகம். 'ஹாரி பாட்டர்' வரிசையின் ஐந்தாவது படம் 93 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2010இல் வெளியே கசிந்த கணக்கறிக்கை ஒன்றில் அந்தப் படம் 16 கோடியே 70 லட்சம் டாலர் நஷ்டத்தில் இருப்பதாக எழுதியிருந்தது. விநியோகக் கட்டணம், விளம்பரம், வட்டி என்று தாய் நிறுவனமே தன் படத்திடம் வசூலித்துக்கொண்டால் லாபம் எங்கே மிஞ்சும்? நிகர லாபத்தில் பங்கு என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுப்பதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. வழக்கறிஞர்களை வைத்துக்கொண்டிருக்கும் பெரிய நடிகர்களே இதில் ஏமாந்து நிற்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

அடுத்து வரும் பதில் எனக்கு மனப்பாடம்: "பெற்றோர்தான் காரணம்." பெற்றோருக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. சாப்ளினோடு 1921இல் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் முப்பது, நாற்பது லட்சம் டாலர் சம்பாதித்தார். வளர்ந்த பிறகு பார்த்தால் தாயும் மாற்றாந்தந்தையும் அனைத்தையும் செலவழித்திருந்தார்கள். 1938இல் வழக்குப் போட்டார். கைக்கு வந்தது 1,26,000 டாலர். அந்த வழக்கால்தான் 1939இல் கலிபோர்னியாவில் அவர் பெயரால் சட்டம் வந்தது. அதிலும் எத்தனை ஓட்டைகள்! பிள்ளை சம்பாதித்த பணம் பிள்ளைக்கே சொந்தம், அதில் 15 சதவீதத்தைக் கட்டாயம் தனிக் கணக்கில் போட வேண்டும் என்று அது திருத்தமாக எழுதப்பட்டது 2000இல். இடையில் அறுபது ஆண்டுகள். அந்த இடைவெளியில்தான் ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரமாக இருந்த ஷெர்லி டெம்பிள் தன் சம்பாத்தியமான 32 லட்சம் டாலரில் மிஞ்சியது 44 ஆயிரம் மட்டும் என்று கண்டறிந்தார். தொலைக்காட்சியில் குழந்தை நட்சத்திரமாக இருந்த கேரி கோல்மன் தன் பெற்றோர் மீதே வழக்குத் தொடுத்து, 1993இல் 12 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குத் தீர்ப்பு வாங்கினார். பிற்காலத்தில் காவலாளி வேலை பார்த்தபோது அதையும் தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. உழைத்துச் சாப்பிட்ட மனிதரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பெற்றோரைக் குறை சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தப் பெற்றோரிடம் காசோலையை நீட்டியவர்கள் யார்? பிள்ளைத் தொழிலாளர்களைப் பாதுகாக்க 1938இல் அமெரிக்காவில் நாடு தழுவிய சட்டம் வந்தபோது, நடிக்கும் குழந்தைகளுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு அளித்தார்கள். தொழிற்சாலையில் வேலை செய்தால் குழந்தைத் தொழிலாளி, கேமரா முன் வேலை செய்தால் நட்சத்திரம் என்று பிரித்தார்கள். இன்றும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம், சிலவற்றில் சட்டமே இல்லை. இந்தியாவில் 2017இல் வந்த விதிகள் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வருமானத்தில் இருபது சதவீதமாவது குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும் என்கின்றன. நல்லது. ஆனால் பதினெட்டு வயதில் அந்தப் பணத்தை எடுக்கப் போகிறவன், அதற்கு முந்தைய எட்டு வருடங்களை எப்படிக் கடந்தான் என்று கேட்க எந்த விதியும் இல்லை.

"திறமை இருந்தால் நிலைத்திருப்பார்களே" என்பதுதான் இருப்பதிலேயே கொடுமையான வாதம். கே ஹுய் குவானை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் இந்தியானா ஜோன்ஸ் படத்தில் அந்தச் சுட்டிப் பையனாக உலகமே ரசித்தவர். வளர்ந்ததும் ஆசிய முகத்துக்கு வேடமே இல்லை என்று ஆனது. சண்டைக் காட்சி அமைக்கும் வேலைக்குப் போனார், கேமராவுக்குப் பின்னால் பல வருடங்கள் கழித்தார். 2022இல் திரும்பி வந்தார், 2023இல் ஆஸ்கர் வாங்கினார். அவருடைய திறமை இடையில் எங்கேயும் போய்விடவில்லை. வேடம் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அவரைத் திரும்ப அழைத்ததும் பல கோடி டாலர்களைக் கொட்டும் பிரம்மாண்டப் படம் இல்லை. 1984 படத்துக்கு ஆனதைவிடக் குறைந்த செலவில் எடுத்த ஒரு சின்னப் படம்! பேரம் பேசி முகத்தை வாங்கியவர்கள், அந்த முகம் மாறியதும் ஆளையே மறந்துவிட்டார்கள்.

நடிப்பை விட்டுப் போவதில் எந்தக் குற்றமும் இல்லை. 1971இல் வில்லி வோங்கா படத்தில் நடித்த பீட்டர் ஆஸ்ட்ரம் ஒரே படத்தோடு நிறுத்திக்கொண்டு கால்நடை மருத்துவரானார். ஷெர்லி டெம்பிள் இருபத்திரண்டு வயதில் திரையை விட்டு, பின்னர் கானாவிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் அமெரிக்கத் தூதராக இருந்தார். விட்டுப் போக வழி இருக்க வேண்டும் என்பதே என் வாதம். பள்ளியில் அந்தப் பிள்ளை விட்ட பாடங்களை யார் சொல்லிக்கொடுப்பார்கள்? தெருவில் அந்நியர்கள் கன்னத்தைக் கிள்ளுவதும், பிறகு ஒரு நாள் யாரும் திரும்பியே பார்க்காமல் போவதும் பத்து வயது மனதை என்ன செய்யும் என்று யார் உட்கார்ந்து பேசுவார்கள்? ட்ரூ பேரிமோர் 'இ.டி.' படத்தில் சின்னஞ்சிறு பெண்ணாக வந்தார். பதிமூன்று வயதில் மறுவாழ்வு மையத்தில் இருந்தார். அவர் மீண்டு வந்தது அவருடைய மன உறுதி. எல்லாக் குழந்தைகளிடமும் அந்த உறுதியை எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எனக்கு வேண்டியது அனுதாபக் கட்டுரைகள் இல்லை. படம் முடிந்த பிறகு குறைந்தது ஐந்து வருடங்களுக்கு அந்தப் பிள்ளையின் படிப்புக்கும் மனநல ஆலோசனைக்கும் ஆகும் செலவை பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். பெரிய படங்களில் ஒரு சண்டைக் காட்சியைத் திருப்பி எடுக்கும் செலவில் அது அடங்கிவிடும். படம் மறுபடி வெளியாகும்போதும், பிள்ளையின் முகத்தைப் பொம்மையிலும் சட்டையிலும் அச்சிட்டு விற்கும்போதும் பங்கு கொடுங்கள். அதை நிகர லாபத்தில் காட்டாமல் மொத்த வசூலில் கொடுங்கள். பணத்தைப் பெற்றோரும் தயாரிப்பாளரும் தொட முடியாத மூன்றாவது கையில் வையுங்கள். இதெல்லாம் படம் ஓடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல விடக் கூடாது. காப்பீட்டுத் தொகையைக் கட்டாமல் எந்தப் பெரிய படமும் படப்பிடிப்பைத் தொடங்குவதில்லை அல்லவா? பிள்ளைக்கான தொகையையும் அப்படியே முதலில் கட்டட்டும். கட்டிய ரசீது இல்லையென்றால் அந்தப் படத்தில் குழந்தையை நடிக்க வைக்க அரசு அனுமதி தரக் கூடாது.