டிரம்மர் காதுக்கு எதற்கு நல்ல ஹெட்போன்?

விலை கூடின ஆடியோ கருவிகளில் பாட்டுக் கேட்பதற்காக ஞாயிற்றுக்கிழமை கூடிய கேட்பு அரங்கில் என்ன நடந்தது என்பதை வந்திருந்தவர்கள் அறிவார்கள். வராதவர்களும் இதற்குள் இரண்டு மூன்று வடிவங்களில் கேட்டிருப்பீர்கள் என்பதால் அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. "டிரம்ஸ் வாசிக்கிறவர் காது பாதி ஏற்கெனவே போயிருக்கும், அவருக்கு இந்த ஹெட்போனே அதிகம்" என்று டிரம்மரான என்னைப் பற்றிச் சொன்ன நகைச்சுவைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சபை நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? ஆனால் சிரித்ததாலேயே அதை ஒப்புக்கொண்டதாகிவிடாது.

நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பாட்டுக் கேட்பது உங்களுக்கு ஓய்வு. எனக்கு அது வேலை. வேலைக்காக வைத்திருக்கும் கருவியை அதன் விலையை வைத்து எடைபோடாதீர்கள்.

அன்று கேலிக்கு ஆளான என் ஹெட்போன் சோனியின் எம்டிஆர் 7506. 1991இல் வந்த மாடல், இன்றும் ஏறத்தாழ அதே உருவத்தில் விற்பனையில் இருக்கிறது. உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதைப் பார்க்கலாம். காதை மூடும் மெத்தையின் மேல்தோல் நம் ஊர் வியர்வைக்கு உரிந்து, கழற்றும்போது கன்னத்தில் கறுப்புச் செதில்களை ஒட்டிவிட்டுப் போகும் என்பது உண்மை. மெத்தையை மட்டும் தனியே வாங்கி மாற்றிக்கொள்ளலாம், நானும் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறேன். அது பாட்டை அழகுபடுத்திக் காட்டாது. கூர்மையான ஒலிகளைச் சற்றுத் தூக்கியே கொடுக்கும் என்பதால், ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் தப்பி விழுந்த அடியும், காலால் திறந்து மூடும் ஹை-ஹாட் தட்டுகள் அரைகுறையாகத் திறந்ததும் மறைய வழியில்லாமல் வெளியே வந்துவிடும். எனக்கு வேண்டியது அதுதான்.

"இந்தக் காலத்திலும் வயரா?" என்று கேட்ட அன்பருக்கு ஒரு கணக்கு. சாதாரண புளூடூத் ஹெட்போனில் 150 முதல் 200 மில்லி நொடி வரை தாமதம் இருப்பது சகஜம். நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் ஒரு பீட்டின் நீளம் 500 மில்லி நொடி. அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 125. அதாவது ஹெட்போன் மாட்டி வாசிக்கும் எலெக்ட்ரானிக் டிரம் பேடில் நான் அடித்த அடி என் காதுக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த அடிக்கான நேரமே கடந்துபோயிருக்கும். படம் பார்ப்பவருக்கு உதட்டசைவையும் குரலையும் போனே பொருத்திக் கொடுத்துவிடும். எனக்கு யார் பொருத்திக் கொடுப்பது?

விலை கூடின கருவியில் கூடுதலாகக் கேட்கும் என்பதை மறுக்கவில்லை. கேட்கும்தான். ஆனால் என்ன கேட்டீர்கள்? ஸ்டீலி டான் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'அஜா' ஆல்பத்தை (1977) ஓட்டிவிட்டு, சிம்பல் தட்டின் ஒலிப் பளபளப்பைப் பற்றி அத்தனை நேரம் பேசினீர்கள். அதிலுள்ள 'ஹோம் அட் லாஸ்ட்' பாடலில் டிரம்மர் பெர்னார்ட் பர்டி, இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவே, குச்சியின் நுனியைத் தோலின் மேல் கிடத்துவதைப் போல, கேட்டும் கேட்காமலும் வைத்துக்கொண்டே போகும் கோஸ்ட் நோட்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த நடையையும் லெட் செப்பலின் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹமின் நடையையும் சேர்த்துத்தான் டிரம்மர் ஜெஃப் போர்காரோ, 1982இல் வெளிவந்த டோட்டோ குழுவின் 'ரோசன்னா'வுக்கு வாசித்தார். இதையெல்லாம் எனக்குக் கேட்கச் செய்தது, நீங்கள் சிரித்த அதே ஹெட்போன்தான்.

அதற்கும் முன்பு என்னிடம் அதுகூடக் கிடையாது. வீட்டில் ஒற்றை ஸ்பீக்கர் டூ-இன்-ஒன் ஒன்று இருந்தது. இளையராஜாவின் ஒலிப்பதிவுகளில் டிரம்மர் புருஷோத்தமன் வாசித்த ஃபில்களை, அதாவது வரிகளுக்கு இடையே நிரப்பும் அடிகளை, கற்றுக்கொள்ள, கேசட்டைத் திரும்பத் திரும்பப் பின்னோக்கி ஓட்டியே நாடாவைத் தேய்த்தேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரில், காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம் சரியாகக் கேட்காது; பாஸ் கிதார் எங்கே ஊன்றுகிறது என்று பார்த்தும், பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைத் தடவியும் ஊகித்துக்கொள்வேன். வாத்தியக்காரர்கள் ஒரே கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து வாசித்த காலத்துப் பதிவுகள் அவை. அன்று அரங்கில் ஒலித்த தமிழ்ப் பாடல்களில் டிரம்ஸ் யார் என்று கேட்டேன். ஆம்ப்ளிஃபயரின் மாடல் எண்ணைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

காது கெட்டுப்போகும் என்பது உண்மைதானே என்பீர்கள். உண்மைதான், அதனால்தான் நுரைப்பஞ்சு அடைப்பானும் காதை மூடும் ஹெட்போனும் வைத்திருக்கிறேன். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு. 94 என்றால் ஒரு மணி நேரம். அன்று அரங்கில் என் போன் காட்டியது கிட்டத்தட்ட அந்த அளவு. நிகழ்ச்சியோ மாலை முழுவதும் நடந்தது. யார் காது பாதி போயிருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் பொறாமை என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். ஸ்பீக்கர் வயருக்கு மட்டும் என் ஒரு மாதக் கச்சேரிப் பணத்தைக் கொடுக்க முடிந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாக நன்றாகக் கேட்கட்டும். எரிச்சல், அந்தச் சிரிப்புக்கு அடியில் இருக்கும் பழைய எண்ணத்தின் மீதுதான்: பாடுகிறவர் கலைஞர், கீபோர்டு வாசிக்கிறவர் கலைஞர், டிரம்ஸ்காரன் மட்டும் தட்டுகிறவன். மேடைக்கு முதலில் வந்து பெட்டிகளை இறக்குவதும், எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக மடக்கிக் கட்டுவதும் அவன்தான். ஆனால் சுவரொட்டியில் அவன் "மற்றும் குழுவினர்". ஊர்த் திருவிழாவில் பாடகர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்திய பிறகு, மீதமிருந்த ஒரு துண்டை என் கையில் திணித்து, "தம்பி, அந்த ஜமுக்காளத்தையும் சுருட்டி வைத்துவிடுங்கள்" என்று சொன்ன பெரியவரை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, அடுத்த கச்சேரியின் அழைப்பிதழில் டிரம்ஸ் என்று போட்டு அதற்கு எதிரே என் பெயரையும் போட்டால்தான் பெட்டியை வண்டியில் ஏற்றுவேன் என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். "டிசைன் முடிந்துவிட்டதே சார்" என்றார்.