என் பெற்றோரின் திருமணமும் செல்லாது என்றுதான் சொன்னார்கள்

இதை 2008 நவம்பரில் எழுதுகிறேன். நவம்பர் 4 இரவு எங்கள் வீட்டில் இரண்டு முறை அழுதோம். சிகாகோ கிராண்ட் பூங்காவில், அதிபர் தேர்தலில் வென்ற ஒபாமா தன் மனைவி, மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தபோது முதல் முறை. நள்ளிரவு தாண்டியும் தூங்காமல் கலிஃபோர்னியாவின் வாக்கு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது முறை. தன்பால் திருமணத்தைத் தடுக்க மக்களின் நேரடி வாக்குக்கு விடப்பட்ட எட்டாம் முன்மொழிவு வென்றுவிட்டது. "ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடக்கும் திருமணம் மட்டுமே கலிஃபோர்னியாவில் செல்லும், அது மட்டுமே ஏற்கப்படும்." ஆங்கிலத்தில் பதினான்கு சொற்கள். 52 சதவீதம் பேர் ஆம் என்று சொன்னதால் இந்த மாநிலத்தின் அரசியல் சட்டத்திலேயே அவை ஏறிவிட்டன.

எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து வாழ்பவர்கள். மே 15ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் தன்பால் இணையர்களுக்கும் திருமண உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, ஜூலையில் கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டார்கள். அன்று மாலை அவர்கள் வீட்டுப் பின்கட்டில் சின்ன விருந்து. என்னுடன் தங்கியிருக்கும் அம்மா முதல்நாளே சாமந்தி வாங்கிவரச் சொல்லி இரண்டு மாலை கட்டினார். "மாலை மாற்றிக்கொண்டால்தான் திருமணம் நடந்த மாதிரி இருக்கும்" என்றார். அவர்களும் சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டார்கள்.

ஐந்தாம் தேதி காலை, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவர்கள் திருமணம் இனிமேல் செல்லுமா, செல்லாதா?"

அந்தச் சொல் அம்மாவின் வாயிலிருந்து வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன்.

என் பெற்றோர் 1959இல் தஞ்சை மாவட்டத்தில் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். ஐயர் இல்லை, ஓமம் இல்லை, அம்மி இல்லை, அருந்ததி இல்லை. பெரியவர் ஒருவர் தலைமை தாங்க, உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொண்டார்கள். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1953இல், சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டிருந்தது. சடங்கு இல்லையென்றால் அது இந்துத் திருமணம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். தெரிந்தேதான் அப்பாவும் அம்மாவும் செய்துகொண்டார்கள். ஆனால் அதற்கான விலையை ஒவ்வொரு நாளும் கொடுத்தவர் அம்மாதான். பெரியப்பா தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "சேர்ந்து வாழட்டும், யார் வேண்டாம் என்றது? கல்யாணம் என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் ஒரு குழி நிலம் கிடையாது" என்று ஊர் கேட்கச் சொல்வாராம். அந்தப் பிள்ளைகளில் மூத்தவள் நான்.

1967இல் அண்ணா முதலமைச்சரானதும் கொண்டுவந்த சட்டத் திருத்தம்தான் அந்த வாயை அடைத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இனி நடக்கும் சுயமரியாதைத் திருமணங்கள் மட்டுமல்ல, முன்னர் நடந்தவையும் செல்லும் என்றது. எனக்கு அப்போது நாலரை வயது. சட்டத்தின் பார்வையில் என் தாய் தந்தைக்குத் திருமணம் ஆனது அப்போதுதான்.

அதனால்தான் எட்டாம் முன்மொழிவை என்னால் அடுத்த வீட்டுச் செய்தியாகப் பார்க்க முடியவில்லை. ஜூன் முதல் இந்த நவம்பர் வரை ஏறக்குறைய 18,000 இணையர்கள் இங்கே மணம் முடித்திருக்கிறார்கள். அவை செல்லும் என்றுதான் தன் கருத்து என 2008இல் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக உள்ள ஜெர்ரி பிரவுன் சொல்லியிருக்கிறார். ஆனால் கடைசியில் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். அதுவரை அந்த 18,000 வீடுகளும் திண்ணைப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் வாழ வேண்டும்.

நம்மவர்களில் ஆம் என்று வாக்களித்த சிலர் என்னிடம் வெளிப்படையாகவே பேசினார்கள். அதற்கு நன்றி. அவர்கள் சொன்னதில் அதிகம் கேட்டது இதுதான்: "வீட்டு இணையர் என்று பதிவு செய்துகொள்ள ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே, உரிமைகள் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதானே, பெயருக்கு ஏன் இவ்வளவு சண்டை?" பெரியப்பா பேசியதும் இதேதான். பெயர் பெரிதில்லை என்று சொல்பவர் எவரும் தன் திருமணத்தின் பெயரை விட்டுக்கொடுக்க முன்வந்து நான் பார்த்ததில்லை. டெல் மார்ட்டின், ஃபிலிஸ் லயன் என்ற இரு பெண்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சான் ஃபிரான்சிஸ்கோவில் சேர்ந்து வாழ்ந்தார்கள். 2004 பிப்ரவரியில் அந்த நகரம் உரிமம் வழங்கத் தொடங்கியபோது முதலில் மணந்தவர்கள் அவர்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் அந்தத் திருமணங்கள் செல்லாது என்றது. இந்த ஜூன் 16 அன்று மறுபடியும் மணந்தார்கள். ஆகஸ்ட் 27இல் மார்ட்டின் இறந்துபோனார். வயது 87. வெறும் பெயருக்காக யாராவது அந்த வயதில் இரண்டாம் முறை நகர மண்டபத்தின் படி ஏறுவார்களா?

"மக்கள் தீர்ப்பு, மதிக்க வேண்டும்" என்பது இன்னொரு பேச்சு. எனக்குக் கோபம் பொங்குவது இங்கேதான். கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் பத்திரம் வெளியிட உள்ளூர் வாக்காளர்களில் 55 சதவீதம் பேர் ஒப்ப வேண்டும். வரியை உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2008இன் விதிப்படி பட்ஜெட்டுக்கும் அதே மூன்றில் இரண்டு பங்கு. அது கிடைக்காமல்தான் இந்த ஆண்டு பட்ஜெட் செப்டம்பர் வரை இழுத்தது. ஆனால் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஒரு சிறு கூட்டத்தாரிடமிருந்து மாநில உச்ச நீதிமன்றமே உறுதி செய்த உரிமையைப் பிடுங்கப் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். எட்டாம் முன்மொழிவுக்குக் கிடைத்த 52 சதவீதத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்டக் கடன் வாங்க முடியாது. இரண்டு மனிதர்களின் திருமணத்தை அழிக்க மட்டும் அது தாராளமாகப் போதும். இந்த நேரடி வாக்கு முறை 1911இல் வந்தது. ரயில்வே நிறுவனத்தின் பிடியில் இருந்த அரசியலை மக்களிடம் மீட்பதற்காக வந்தது. வலியவனைக் கட்டுப்படுத்தச் செய்த ஆயுதம் இது. எளியவன் மேல் இன்று பாய்ந்திருக்கிறது.

இது முதல் முறையும் இல்லை. இந்தியர்களாகிய நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 1920இல் இதே மாநிலத்தில், குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஆசியர்கள் நிலம் வைத்திருப்பதை இறுக்கித் தடுக்கும் சட்டம் வாக்குக்கு வந்தது. நால்வரில் மூவர் ஆம் என்றார்கள். இம்பீரியல் பள்ளத்தாக்கில் பஞ்சாபி விவசாயிகள் பட்ட பாட்டுக்கு அந்த வாக்கும் ஒரு காரணம். அவர்களால் வெள்ளைக்காரப் பெண்களை மணக்கவும் முடியாது, சட்டம் தடுத்தது. மணக்க வந்த இருவரின் தோல் நிறத்தையும் பார்த்து எழுத்தர் உரிமம் எழுதிக் கொடுத்த காலம். அப்படித்தான் பல பஞ்சாபியர் மெக்சிகோப் பெண்களை மணந்தார்கள். அந்தத் தடையை 1948இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் நீக்கியது. பத்து ஆண்டுகள் கழித்து, 1958இல், காலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் கறுப்பர் வெள்ளையர் திருமணத்தை ஏற்கிறீர்களா என்று அமெரிக்கர்களைக் கேட்டபோது ஏற்றவர்கள் 4 சதவீதம். அன்று மக்கள் தீர்ப்பு கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1961இல் ஒபாமாவின் பெற்றோர் ஹவாயில் மணந்துகொண்டார்கள். அதே திருமணம் 16 மாநிலங்களில் 1967 வரை குற்றம்.

ஒபாமாவிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. எட்டாம் முன்மொழிவை எதிர்த்தார், உண்மை. ஆனால் திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்றும் சொன்னார். அந்தச் சொற்களையே ஆம் தரப்பு எடுத்துப் பிரசாரம் செய்தது. அதே சமயம், கறுப்பின மக்கள்தான் இதை வெல்ல வைத்தார்கள் என்று நாலைந்து நாட்களாகச் சிலர் எழுதுவதைப் படிக்க வெட்கமாக இருக்கிறது. எல்லா நிறத்தவரும் வாக்களித்தார்கள். நம் கோயில் வாசலில் நின்று பேசியவர்களும்தான்.

இரு தரப்பும் சேர்ந்து இதில் ஏழு கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கின்றன. பள்ளியில் குழந்தைகளுக்கு என்னென்னவோ சொல்லிக்கொடுப்பார்கள் என்ற விளம்பரம் தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடியது. பயந்துபோன பெற்றோர்களை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்த இரண்டு பெண்களின் வீட்டில்தான் என் மகன் ஐந்து வயதிலிருந்து பள்ளி விட்டு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். என் வேலை முடிய ஆறு மணியாகும். அவன் கெட்டுப்போகவில்லை. பெருக்கல் வாய்ப்பாடு கற்றுக்கொண்டான்.

அம்மாவின் கேள்விக்கு நான் அன்று காலை "தெரியவில்லை அம்மா" என்றுதான் பதில் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து தன் திருமணப் படத்தை எடுத்துவந்தார். ஓரம் மடங்கிய கறுப்பு வெள்ளைப் படம். இருவர் கழுத்திலும் மாலை, பின்னால் துணிப் பதாகை. என்னை அழைத்துக்கொண்டு நான்கு வீடு தள்ளிப் போனார். கதவைத் திறந்தவரின் கண் வீங்கியிருந்தது. படத்தைக் கையில் கொடுத்து, "எங்களுடையதையும் செல்லாது என்றார்கள். ஒன்பது வருஷம். இவளிடம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பாதிக்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

வரும் சனிக்கிழமை, 2008 நவம்பர் 15, எட்டாம் முன்மொழிவை எதிர்த்து நாடெங்கும் நகர மன்றங்களின் முன் கூடுகிறார்கள். நான் போகிறேன். ஆம் என்று வாக்களித்த நண்பர்களும் ஒரு மணி நேரம் வந்து அவர்கள் முகத்தைப் பாருங்கள். அம்மாவும் வருகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். முழங்கால் வலி இருப்பதால் மடக்கு நாற்காலி ஒன்றைக் காரில் எடுத்து வைத்திருக்கிறேன்.