ஸ்வாப் இல்லாமலும் லினக்ஸ் ஓடும்

ஸ்வாப் (கணினியின் நினைவகமான ரேம் நிரம்பும்போது அதில் உள்ளதை ஒதுக்கிவைக்கும் சேமிப்பு இடம்) போடாவிட்டால் எஸ்டி கார்டில் லினக்ஸ் இயங்குதளம் நிலைத்து ஓடாது என்று மேலே ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். குறை நினைக்க வேண்டாம் அண்ணை, ஸ்வாப் கட்டாயமில்லை. ஓடும் வேலைகளுக்கு ரேம் போதுமா என்பதுதான் முக்கியம். போதாவிட்டால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஏதாவதொரு புரோகிராமை நிறுத்திவிடும். ரேம் நெருக்கடியில் ஸ்வாப் கோப்பு கார்டில் ஓயாமல் எழுதினால் அதன் பிளாஷ் நினைவகத்தின் ஆயுள்தான் குறையும். ரவுட்டர்களில் ஓடும் ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற லினக்ஸில் இயல்பாகவே ஸ்வாப் கிடையாது.

நீங்களே பார்க்கலாம்: டெர்மினலில் 'ஃப்ரீ' (free) கட்டளையை அடியுங்கோ. ஸ்வாப் வரியில் மொத்தம் 0 என்றால், ஸ்வாப் இல்லை. கிளிநொச்சியில் எங்கள் வயற்கிணற்று மோட்டருக்குப் பூட்டிய ராஸ்பெரி பை (Raspberry Pi) என்ற சிறு கணினியில் அந்த வரி 0தான். காலபோக நெற்பருவம் முழுக்க நிற்காமல் ஓடியது.