பெயிண்ட் அடிச்ச பில்லைக் காட்டுங்க சார்

அந்தச் சுவர் போட்டோவை இதுக்குள்ள எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதான், வேளச்சேரி ஹவுஸ் ஓனர் சாரோட பதிவு. எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிட்டாங்க, அதுல ரெண்டு பேர் சிரிப்பு எமோஜியோட. "பேச்சிலர் பசங்களுக்கு வீடு விட்டா இதுதான் கதி"ன்னு தலைப்பு. கீழே வரிசையா போட்டோ. டபுள் சைடு டேப் உரிச்ச தடம், ஸ்விட்ச் போர்டைச் சுத்திக் கை அழுக்கு, அடுப்புக்கு மேல எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு ஜன்னல்ல கிழிஞ்ச கொசுவலை. அவ்வளவுதான். நானும் ஜூம் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன், இடிஞ்ச சுவர் ஏதாவது தெரியுதான்னு. ஒண்ணும் தெரியல. இதுக்கு நாலு இன்ஜினியரிங் பசங்களோட 60,000 ரூபாய் அட்வான்ஸ்ல 42,000 பிடிச்சுக்கிட்டாராம். யாரோ கண்டுபிடிச்சு அம்பலப்படுத்தலைங்க, அவரே பெருமையா எழுதியிருக்கார்.

அவர் எழுதினதுல எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்ல. ஓனர்னா அப்படித்தான்னு பழகிப்போச்சு. கீழே கமெண்ட்ல போய் "சபாஷ் சார்", "இவனுங்களுக்கு இப்படித்தான் பாடம் புகட்டணும்", "நீங்க ரொம்ப நல்லவர் சார், நானா இருந்தா பத்து பைசா தந்திருக்க மாட்டேன்"னு எழுதியிருக்கீங்களே, அதுதான் ரெண்டு நாளா உறுத்துது. அதுல என் நட்புப் பட்டியல்ல இருக்கிறவங்களே நாலஞ்சு பேர். நேத்து வரைக்கும் வாடகை வீட்டுல இருந்தவங்க. இப்ப பெரும்பாக்கத்துல ஒரு ஃபிளாட் வாங்கினதும் ரத்தமே மாறிடுச்சு போல.

ஒண்ணே ஒண்ணுதான் நான் கேட்கிறேன். அந்த 42,000 ரூபாய்க்குப் பில் எங்கே?

அட்வான்ஸ் குடியிருக்கிறவங்க காசு. உங்க கையில இருக்கிறதால உங்க காசு ஆயிடாது. சேதாரம் இருந்தா பிடிங்க, யாரு வேண்டாம்னா? கொசுவலைக்கு என்ன ஆச்சோ பிடிங்க. ஆனா பில்லைக் காட்டிட்டுப் பிடிங்க. "தோராயமா ஒரு கணக்கு போட்டேன்"னு நீங்களே எழுதியிருக்கீங்க சார். அடுத்தவன் காசுல தோராயம் என்ன தோராயம்?

உடனே "சட்டம் பேசாதீங்க மேடம்"னு வருவீங்க. பேசத்தான் போறேன். தமிழ்நாட்டுல வாடகைக்குன்னு 2017ல ஒரு சட்டம் கொண்டுவந்து, 2019 பிப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாதுங்குது அது. "ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லியிருந்தா தவிர"ன்னு ஒரு வாலையும் சேர்த்து வச்சிருக்காங்க. அந்த வாலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சென்னை இன்னும் பத்து மாச அட்வான்ஸ்லயே ஓடுது. அது போகட்டும். அதே சட்டத்தோட பின்னிணைப்புல யார் யார் எதைப் பராமரிக்கணும்னு பிரிச்சே போட்டிருக்கு. குழாய் மாத்துறது, வாஷர் மாத்துறது, ஸ்விட்ச் சாக்கெட் ரிப்பேர் எல்லாம் குடியிருக்கிறவங்க பொறுப்பு. சுவருக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறது, குழாய் லைன், வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குடியிருந்தவங்க கெடுத்திருந்தாத்தான் அது அவங்க தலையில வரும். ரெண்டு வருஷம் மனுஷங்க புழங்கின சுவர் அழுக்காகிறதுக்குப் பேர் சேதாரம் இல்ல சார். புழங்கத்தானே மாசாமாசம் வாடகை வாங்கினீங்க?

இதுல என் வயித்தெரிச்சலும் இருக்கு, மறைக்க மாட்டேன்.

நான் மெட்ராஸ் யுனிவர்சிட்டி கிண்டி வளாகத்துல எம்.எஸ்சி. படிச்சப்போ கோட்டூர்ல ஒரு மாடிப் போர்ஷன்ல மூணு பொண்ணுங்க சேர்ந்து இருந்தோம். வாடகை 9,000, அட்வான்ஸ் 90,000. என் பங்கு 30,000. சங்கரன்கோவில்ல எங்கம்மா செயினைக் கூட்டுறவு சொசைட்டியில வச்சு வாங்கின காசு அது. படிப்பு முடிஞ்சு காலி பண்ற அன்னைக்கு ஓனர் அங்கிள் ஒரு டார்ச்சும் பென்சிலும் எடுத்துக்கிட்டு வந்தார். பட்டப்பகல்ல டார்ச்! சுவத்துல இருக்கிற ஆணி ஓட்டை ஒவ்வொண்ணையும் பென்சிலால வட்டம் போட்டார். "அங்கிள், இதெல்லாம் நாங்க வர்றப்பவே இருந்துச்சு"ன்னு சொல்றோம், மனுஷன் காதுலயே வாங்கல. ஹால், பெட்ரூம், சமையக்கட்டுன்னு பொறுமையா வட்டம் போட்டு முடிச்சிட்டு, நாள்காட்டித் தாளைக் கிழிச்சு அதோட முதுகுல எழுதிக் கொடுத்தார். பெயிண்டிங் 18,000. ஃபேன் ரெகுலேட்டர் 600. பாத்ரூம் கதவு 2,500. கிளீனிங் 1,500. அந்தப் பாத்ரூம் கதவு அடியில தகரம் அடிச்சு ஒட்டுப்போட்ட கதவு. நாங்க குடிபோறப்பவே தகரம் துருப்பிடிச்சிருந்தது.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறல. அடுத்த மாசமே அந்த வீட்டுக்கு எங்க டிபார்ட்மென்ட் ஜூனியர் பொண்ணுங்க குடிபோனாங்க. ஒருத்தி எனக்கு போன் பண்ணினா. "அக்கா, சுவர் பூரா பென்சில்ல வட்டம் வட்டமா இருக்கே, என்னக்கா அது?"

பெயிண்ட்டே அடிக்கல. 18,000 வாங்கிட்டு அந்த வட்டத்தைக்கூட அழிக்கல. அடுத்து வர்றவங்ககிட்ட வசூல் பண்றதுக்கு எதுக்கு மறுபடி பென்சிலைத் தேய்க்கணும்னு விட்டுட்டார் போல.

அதனாலதான் சொல்றேன், பில்லைக் காட்டுங்க. வேளச்சேரி சார் பெயிண்ட் அடிச்சிருக்கலாம், அடிக்காமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. அடிச்சிருந்தா பெயிண்ட் கடை ரசீதையும் மேஸ்திரி கூலிச் சீட்டையும் அந்தப் போட்டோவோட சேர்த்துப் போடுறதுல என்ன சங்கடம்? அழுக்கை அத்தனை ஆங்கிள்ல படம் எடுக்கத் தெரிஞ்சவருக்கு ரசீதைப் படம் எடுக்கத் தெரியாதா?

சரி, உங்க கேள்விங்களுக்கே வர்றேன்.

"பசங்க கடைசி ரெண்டு மாசம் வாடகையே தர்றதில்ல, அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கன்னு ஓடிடுறாங்க." ஆமா, செய்றாங்க. ஏன் செய்றாங்க? அந்தக் காசு திரும்பி வராதுன்னு சீனியர் சொல்லிக் கொடுத்திருக்கான். அந்த சீனியருக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? நீங்கதான்.

"கையெழுத்துப் போடுறப்போ தெரியலையா?" ஜூலை மாசம் அட்மிஷன் போட்டுட்டு, கையில ஒரு பெட்டியோட, சொந்தக்காரங்க வீட்டு ஹால்ல படுத்துக்கிட்டு டூ-லெட் போர்டைத் தேடி அலையிற பதினெட்டு வயசுப் பையன்கிட்ட பதினோரு மாச அக்ரிமென்ட்டை நீட்டினா அவன் எதைப் படிப்பான்? புரோக்கர் வேற ஒரு மாச வாடகைக்குக் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறார். இத்தனைக்கும் எந்த வாடகை ஒப்பந்தமா இருந்தாலும் எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும்னு சட்டம் சொல்லுது. எத்தனை ஓனர் பண்ணியிருக்கீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம்.

"ஹாஸ்டல்ல இருக்க வேண்டியதுதானே?" இடம் கொடுத்தா இருக்க மாட்டோமா? விண்ணப்பிச்ச எல்லாருக்கும் ஹாஸ்டல்ல இடம் கிடைக்குதா என்ன? ஆம்பளைப் பசங்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷனாவது இருக்கு, மூட்டைப்பூச்சியோட. பொண்ணுங்களுக்குத் தனியார் லேடீஸ் ஹாஸ்டல்தான், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவுல பெட்டி வைக்க இடம் இருக்காது. பெண்கள் விடுதி நடத்தணும்னா கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கணும்னு 2014ல இருந்தே சட்டம் இருக்கு. உங்க பொண்ணைச் சேர்க்கிறப்போ அதைக் கேட்டீங்களா? "அரசாங்கம் தோழி விடுதி கட்டியிருக்கே"ன்னு ஒரு அண்ணன் கமெண்ட் போட்டிருந்தார். அது வேலைக்குப் போற பெண்களுக்குண்ணே. படிச்சு முடிச்சு வேலைக்குப் போகட்டும், அப்ப வந்து சேர்றாங்க.

"வாடகையை நம்பித்தான் பிழைக்கிற வயசானவங்க இருக்காங்களே?" இதுல நியாயம் இருக்கு. பென்ஷன் இல்லாம, மாடிப் போர்ஷன் வாடகையில மாத்திரை வாங்குற அம்மாக்கள் இருக்காங்க, எனக்கும் தெரியும். அவங்க வீட்டை நாசம் பண்ணிட்டுப் போன பசங்களும் இருக்காங்க. ஆனா அந்த அம்மாவை முன்னாடி நிறுத்திட்டுப் பின்னாடி மூணு வீட்டுக்காரர் ஒளிஞ்சுக்கிறதுதான் வாடிக்கையா இருக்கு. அந்த அம்மாவும் பில் கொடுக்கலாம், முடியாத காரியம் இல்லையே.

இன்னொண்ணு, யாருமே பேசாத கணக்கு. 15,000 வாடகைக்குப் பத்து மாச அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். பேங்க்ல ஆறு சதவீதத்துக்குப் போட்டாலே வருஷம் 9,000. ரெண்டு வருஷத்துக்கு 18,000. அந்த வட்டி யாரோடது? ஊர்ல எங்கம்மா செயினுக்கு நாங்க வட்டி கட்டுறோம், இங்க அந்தக் காசுக்கு நீங்க வட்டி வாங்குறீங்க. அந்த வட்டியிலேயே வெள்ளையடிச்சிருக்கலாம். கரண்ட்டுக்கு சப்-மீட்டர் வச்சு யூனிட் பத்து ரூபாய்னு வாங்குறீங்களே, ரெண்டு மாசத்துக்கு இவ்வளவு யூனிட்னு அரசாங்கம் இலவசமாத்தானே தருது? அது எங்க போச்சு? கேட்டா "காமன் மோட்டார், மாடி லைட்டு"ன்னு ஒரு பட்டியல். இங்கேயும் பில் கிடையாது. பில்லுன்னாலே உங்களுக்கெல்லாம் ஒரு அலர்ஜி.

ஏன் இது மாணவர்கள்கிட்ட மட்டும் இவ்வளவு சுலபமா நடக்குதுன்னா, நாங்க ஊரை விட்டுப் போயிடுவோம்னு உங்களுக்குத் தெரியும். குடும்பமா இருக்கிறவங்க அதே ஏரியாவுல பக்கத்துத் தெருவுக்குப் போவாங்க, வாசல்ல வந்து நின்னு கேட்பாங்க, மச்சானைக் கூட்டிட்டு வருவாங்க. மாணவன் மே மாசம் கடைசிப் பரீட்சை எழுதின அன்னைக்கே ரயில் ஏறிடுவான். நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்குப் பத்தாயிரம். அதுக்காகத் தென்காசியில இருந்தோ தர்மபுரியில இருந்தோ வந்து வாடகை அதிகாரிகிட்ட மனு கொடுத்து, வாய்தாவுக்கு வாய்தா அலைவானா? மாட்டான். அந்த தைரியத்துலதான் டார்ச் அடிக்கிறீங்க.

பொண்ணுங்கன்னா இன்னும் வசதி. எங்க அட்வான்ஸ் பேச அப்பா ஊர்ல இருந்து வந்தார். மூணு பேர் நிக்கிறோம், எம்.எஸ்சி. முடிச்சவங்க, கணக்குத் தெரிஞ்சவங்க. ஓனர் எங்க முகத்தையே பார்க்கல. அப்பாகிட்ட மட்டும்தான் பேசினார். "காசு விஷயத்தை விடுங்க. பொண்ணுங்க ராத்திரி ஒன்பதரைக்கு மேல வருதுங்க, நீங்க கொஞ்சம் கண்டிச்சு வைக்கணும்"னாரு. லேப்ல இருந்து வர்ற நேரம் அது. ஒன்பதரைக்கும் ஆணி ஓட்டைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கு. அதுக்கு மேல அப்பா காசைப் பத்தி வாயே திறக்கல. "சரிங்க சார்"னு எழுந்துட்டார். ஊருக்குப் போற பொதிகை ரயில்ல ஏறின பிறகும் என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல.

நாங்க இல்லாதப்போ சாவியைப் போட்டுத் திறந்து "தண்ணி லீக் ஆகுதான்னு பார்த்தேன்"னு சொல்வார் ஓனர் அங்கிள். சட்டப்படி 24 மணி நேரம் முன்னாடி நோட்டீஸ் கொடுத்துட்டுத்தான் உள்ளேயே வரணும்னு தெரிஞ்சா அங்கிள் சிரிச்சிருப்பார். வீடு பார்க்கப் போறப்போ "எந்த ஊரு?"ன்னு கேட்டு, ஊரைச் சொன்னதும் "ஊர்ல எந்தத் தெரு?"ன்னு அடுத்த கேள்வி வரும். அது எதுக்குன்னு உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். என் ரூம்மேட் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன அடுத்த நிமிஷம் "வீடு ஏற்கெனவே பேசி முடிச்சாச்சும்மா"ன்னு கதவைச் சாத்தினாங்க. டூ-லெட் போர்டு அப்புறம் ஒரு மாசம் அதே கேட்டுல தொங்கிச்சு. அதையெல்லாம் தாண்டித்தான் ஒரு வீடு கிடைக்கும். கிடைச்ச வீட்டுல ஆணி அடிக்கக்கூடாது, அசைவம் சமைக்கக்கூடாது, ஆறு மணிக்கு மேல துணி துவைக்கக்கூடாது. அத்தனைக்கும் தலையாட்டிட்டு இருந்துட்டு வெளியே வந்தா, "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பு இல்ல"ன்னு ஆறு போட்டோவும் ஆயிரம் லைக்கும்.

"இவ்வளவு கோபம் எதுக்கு மேடம், உங்களுக்கு இப்பத்தான் சொந்த வீடு இருக்கே"ன்னு ஒருத்தர் உள்பெட்டியில கேட்டார். இல்லைங்க. இன்னும் வாடகைதான். ஓனர் நல்லவர்தான், இதுவரைக்கும். காலி பண்றப்போ தெரியும்.

இந்த மே மாசம் காலி பண்ணப்போற தம்பி தங்கச்சிங்க இதைப் படிச்சா: பெட்டியைக் கட்டின பிறகு வீடு முழுக்க ஒரு வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, ஓனரையும் கூட நிக்க வச்சு. பிடித்தம் என்ன சொன்னாலும் வாட்ஸப்ல எழுத்துல அனுப்பச் சொல்லுங்க, நாள்காட்டி முதுகுல வேண்டாம். புதுசா குடிபோறவங்க முதல் நாளே ஓட்டை, விரிசல், துருப்பிடிச்ச தகரம் எல்லாத்தையும் படம் எடுத்து ஓனருக்கே அனுப்பிடுங்க. முறைப்பார். முறைக்கட்டும்.

வேளச்சேரி சார், உங்க பதிவை நீங்க இன்னும் எடுக்கல, காலையிலதான் பார்த்தேன். கீழே நான் கேட்ட கேள்வியை மட்டும் அழிச்சிட்டீங்க. அதனாலதான் இங்க எழுதுறேன். இங்க கமெண்ட்ல சண்டைக்கு வர்ற ஓனர்கள் தாராளமா வாங்க. ஆனா கடைசியா காலி பண்ணவங்களுக்கு எவ்வளவு அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்தீங்க, எவ்வளவு பிடிச்சீங்க, எதுக்குன்னு முதல்ல போட்டுட்டு அப்புறம் ஆரம்பிங்க. பில்லோட.