தவணையோடு முடிவதில்லை
சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் மாதத் தவணை அடங்கினால் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம் என்கிறது இங்கே வந்த கட்டுரை. அந்தத் தவணைக்கு வருவதற்கு முன்பே எவ்வளவு கைக்காசு போகும் தெரியுமா? சிங்கப்பூரில் திறந்த சந்தை மதிப்பு, அதாவது வரிகள் சேர்க்காத இறக்குமதி விலை, 20,000 வெள்ளியைத் தாண்டிய காருக்கு வங்கி அதிகபட்சம் 60 விழுக்காடுதான் கடன் தரும், அதையும் 7 ஆண்டுக்குள் அடைக்க வேண்டும். என் அத்தான் இரண்டு இருக்கை கார் ஒன்று எடுத்தார். பழையதுதான், சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) இன்னும் 4 ஆண்டு மிச்சம் இருந்தது. தவணையைச் சமாளித்துவிட்டார், காப்புறுதியும் பின் டயர்களை மாற்றிய பில்லும்தான் ஆளைச் சாய்த்தன. தீபாவளிச் சாமான் வாங்க அவர் மட்டும் காரில் தேக்கா சந்தைக்கு வந்தார், அக்காவும் பிள்ளைகளும் எம்ஆர்டி ரயிலில்! கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர் "பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம்" என்று எழுதியிருக்கிறார். சரி, சிஓஇ ஒரு வருடம்கூட மிச்சமில்லாத காருக்கு அவர் எவ்வளவு கொடுப்பாராம்?